குழந்தையின் கீழ் முன்பல்லையும் முக வளர்ச்சியையும் எக்ஸ்ரேயில் சேர்த்து வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல் சீரமைப்பு படிக்க வரும் புதியவர்களிடம் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயைக் கொடுத்தால், பெரும்பாலோர் நேராகக் கீழ் வெட்டுப்பல்லுக்குத்தான் போகிறார்கள். கோணமானியை வைப்பார்கள், 98 டிகிரி என்பார்கள், "பல் முன்னால் சாய்ந்திருக்கிறது, பின்னால் இழுக்க வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். எண் சரியாகவே இருக்கும். முடிவு பல நேரம் தப்பாக இருக்கும்.

காரணம் எளிது. வளரும் குழந்தையின் கீழ் முன்பல் ஓரிடத்தில் நட்ட கம்பம் அல்ல. தாடை எந்தப் பக்கம் வளர்ந்து திரும்புகிறதோ, அதை ஈடுகட்டிக்கொண்டு மேல்பல்லைத் தொட்டபடி நிற்கப் பார்க்கும். ஆகவே அதன் சாய்வு பெரும்பாலும் ஒரு விளைவு. தாடையைப் படிக்காமல் பல்லைப் படிப்பது, விடையை மட்டும் பார்த்துக் கணக்கை ஊகிக்கிற மாதிரி. கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இப்படி இருக்கிறது.

இது பல் மருத்துவ மாணவர்களுக்கும், சீரமைப்பில் புதிதாகக் கைவைப்பவர்களுக்கும் எழுதியது. பெற்றோர் படித்தால், மருத்துவர் ஏன் இத்தனை அளவெடுக்கிறார் என்று புரியும். ஆனால் வீட்டில் இருந்தபடி முடிவெடுக்க இது உதவாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, அதாவது செஃபலோகிராம், ஒன்று. அதே நாளில் எடுத்த முகப் பக்கத்தோற்றப் புகைப்படம், பல் மாதிரி அல்லது வாய் ஸ்கேன். குழந்தையின் பிறந்த தேதி. முடிந்தால் கடந்த ஓரிரு வருட உயர அளவுகள். பள்ளிப் பதிவிலோ வீட்டுக் கதவோரக் கோட்டிலோ இருந்தாலும் போதும். உயரக் குறிப்பைக் கேட்க மறப்பவர்களே அதிகம். வளர்ச்சி எந்த வேகத்தில் போகிறது என்பதைச் செலவில்லாமல் சொல்லும் ஒரே ஆவணம் அதுதான்.

கையால் வரைவதானால் மெல்லிய அசிடேட் தாள், வெளிச்சப் பெட்டி, கூர்மையான கடினப் பென்சில், கோணமானி. சுற்றியுள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். படத்தைத் தவிர மற்ற இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து மெல்லிய எலும்புக் கோடுகளை மறைத்துவிடும். கணினியில் அளந்தாலும் முதல் ஆறு மாதம் கையால் வரையச் சொல்வேன். மென்பொருள் புள்ளியைத்தான் கேட்கும், அந்தப் புள்ளி ஏன் அங்கே என்று கேட்காது.

கணினியில் அளப்பவர்கள் முதலில் அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். படத்தில் மூக்குத் தாங்கியோடு ஒரு அளவுகோல் பதிவாகியிருக்கும். அதை வைத்துத் திருத்தாவிட்டால் கோணங்கள் சரியாக வரும், மில்லிமீட்டர்கள் எல்லாம் பெரிதாக வரும். இரண்டும் கலந்த பட்டியலில் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாது.

2. படத்துக்கு முன் வாயைப் பாருங்கள்

குழந்தை எப்படிக் கடிக்கிறது என்பதைப் படம் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். கீழ் முன்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் கடிக்கும் குழந்தைகளில் சிலர், பற்கள் முட்டிக்கொள்வதால் தாடையை முன்னே நழுவவிட்டுக் கடிப்பார்கள். தாடையைத் தளர்த்தி மெல்லப் பின்னால் கொண்டுபோனால் முன்பற்கள் முனையோடு முனை தொடும். இவர்களுக்குத் தாடை அவ்வளவு நீளம் இல்லை. நழுவல்தான் அப்படிக் காட்டுகிறது.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படி ஒரு படத்தை நழுவிய கடியிலேயே வைத்து அளந்து, "கீழ்த்தாடை வளர்ச்சி மிகை" என்று பெரிதாக எழுதிவைத்தேன். மூத்தவர் ஒருவர் படத்தைத் தொடக்கூட இல்லை. குழந்தையை அழைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார், அவ்வளவுதான். அன்றிலிருந்து படம் எனக்கு இரண்டாவது வேலை.

படம் எடுக்கும்போது பற்கள் கடித்த நிலையில், உதடு தளர்ந்து, பார்வை நேராக இருக்க வேண்டும். உதட்டை இறுக்கி மூடிய குழந்தையின் படத்தில் தாடை முனைத் தசை சுருங்கி, முகவாய் தட்டையாகத் தெரியும். பல் முன்னால் தள்ளியிருப்பதால் உதடு மூடவில்லையா, உதடே குட்டையா என்று அப்புறம் பிரிக்க முடியாது.

கதிர்வீச்சு அளவு சின்னதுதான். என்றாலும் குழந்தைக்கு ஒரு படம் எடுக்க ஒரு கேள்வி இருக்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்பது கேள்வி இல்லை.

3. வரைவதில் வரிசை: பல் கடைசியில்

முதலில் முகத்தின் மென்திசுக் கோடு. அப்புறம் மண்டை அடித்தளம்: செல்லா என்னும் குழி, நேசியான் என்னும் மூக்கின் வேர்ப்புள்ளி. பிறகு மேல்தாடை, அதன் முன்பக்க வளைவின் ஆழமான இடமான ஏ புள்ளி. பிறகு கீழ்த்தாடை முழுவதும், அதன் முன்பக்க வளைவின் ஆழமான இடமான பி புள்ளி, முகவாய் முன்னுச்சியான போகோனியன், கீழுச்சியான மென்டன், தாடைக் கோணமான கோனியன். முதல் கடைவாய்ப்பற்கள். கடைசியில் வெட்டுப்பற்கள்.

பல்லை முதலில் வரைந்தால் கண் அதற்கு இசைந்து போய்விடும். சாய்ந்த பல்லை வரைந்தவர், பி புள்ளியையும் அறியாமல் கொஞ்சம் உள்ளே வைப்பார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாடைக் கோடு உறுதியான பிறகு பல்லை வைத்தால் இந்த ஏமாற்று குறையும்.

இடது, வலது தாடைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இரண்டாகத் தெரிந்தால் நடுக்கோட்டை எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் தலை திரும்பியிருக்கிறதா, முகமே சமச்சீரின்றி இருக்கிறதா என்று புகைப்படத்தில் பாருங்கள்.

4. கீழ் வெட்டுப்பல்லை வரைவது

வேலையிலேயே மிகவும் கடினமான இடம் இது. நான்கு வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் ஒரே நிழலில் குவிந்து கிடக்கும். விதி: மிக முன்னால் நிற்கும் நடுவெட்டுப்பல்லை எடுக்க வேண்டும். அதன் கடிமுனை நன்றாகத் தெரியும். வேர்நுனிதான் தெரியாது.

வேர்நுனி தெரியாததால் புதியவர்கள் பல்லின் வடிவம் வெட்டிய தகட்டை எடுத்து ஒரு அழகான பல்லை வரைந்துவிடுவார்கள். தகடு நல்லதுதான், ஆனால் எந்தச் சாய்வில் வைப்பது என்பதை அது சொல்லாது. நான் செய்வது: முதலில் வேர்க் குழாயின் மெல்லிய கருங்கோட்டைத் தேடுவது, அது கிடைத்தால் அதன் நடுவே அச்சுக்கோடு போகும். கிடைக்காவிட்டால் தாடை முன்னெலும்பின் உட்புற, வெளிப்புறச் சுவர்களுக்கு இடையில் வேர் எங்கே இருக்க இடமுண்டு என்று பார்ப்பது. வேர் எலும்புக்கு வெளியே போகிற மாதிரி உங்கள் கோடு வந்தால், பெரும்பாலும் தவறு கோட்டில்தான்.

இதில் எவ்வளவு கவனம் தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்லின் மொத்த நீளம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் என்று வைத்தால், வேர்நுனியை 1 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே சாய்வு சுமார் 2.6° மாறும். இரண்டு படங்களுக்கு நடுவே 2° மாற்றம் வந்தது என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ் நடுவெட்டுப்பல் 6 முதல் 7 வயதில் முளைக்கும், பக்கவெட்டுப்பல் 7 முதல் 8-இல். வேர் மூடி முழுதாக 9, 10 வயது ஆகும். அதற்கு முன் வேர்நுனி ஒரு புள்ளி அல்ல, ஒரு திறந்த வாய். அந்த வாயின் நடுவை எடுக்க வேண்டும். பாதி முளைத்த பல்லை அளக்கவே வேண்டாம். புதுப்பல் பால்பல்லுக்குப் பின்னாலிருந்து எழும்புவது வழக்கமான ஒன்று. பால்பல் விழுந்ததும் நாக்கின் அழுத்தம் அதை முன்னே கொண்டுவரும். அந்தப் பயணத்தின் நடுவில் எடுத்த கோணம் எதையும் சொல்லாது. இரட்டை வரிசையைப் பார்த்துப் பதறி வரும் பெற்றோரிடமும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

5. பல்லை விட்டுவிட்டுத் தாடையைப் படியுங்கள்

இப்போது கோணமானியை எடுக்கலாம், ஆனால் பல்லுக்கு இல்லை.

முன்பின் உறவு முதலில். செல்லா, நேசியான், ஏ புள்ளி மூன்றும் சேர்ந்த கோணம் சராசரி 82°. பி புள்ளியோடு சேர்த்தால் 80°. இரண்டின் வித்தியாசமான ஏஎன்பி 2°. வித்தியாசம் கூடினால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது, அல்லது மேல்தாடை முன்னே இருக்கிறது, எதிர்மறையானால் தலைகீழ். நேசியான் தானே முன்னோ பின்னோ தள்ளி இருந்தால் இந்த எண் பொய் சொல்லும். அதனால் புகைப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செங்குத்து வளர்ச்சி. காதுத் துவாரத்தின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் சேர்க்கும் ஃப்ராங்ஃபோர்ட் தளத்துக்கும் கீழ்த்தாடைத் தளத்துக்கும் உள்ள கோணம், எஃப்எம்ஏ, சுமார் 25°. கூடினால் முகம் நீண்டு, தாடை கீழும் பின்னுமாகத் திரும்பும் போக்கு. குறைந்தால் முகம் குட்டை, தாடை முன்னும் மேலுமாகத் திரும்பும் போக்கு. செல்லாவிலிருந்து கோனியன் வரையிலான பின்முக உயரத்தை நேசியானிலிருந்து மென்டன் வரையிலான முன்முக உயரத்தால் வகுத்தால் 62 முதல் 65 சதவீதம் நடுவாந்தரம்.

கீழ்த்தாடைத் தளம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு பெரிய பொறி உண்டு. சிலர் தாடையின் கீழ்விளிம்பைத் தொட்டுக் கோடு போடுவார்கள். சிலர் கோனியனையும் மென்டனையும் சேர்ப்பார்கள். சிலர் கோனியனையும் முகவாயின் முன்கீழ்ப் புள்ளியான நேத்தியனையும் சேர்ப்பார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று சில டிகிரி வேறுபடும். எந்தச் சராசரியோடு ஒப்பிடுகிறீர்களோ, அந்தச் சராசரியை உருவாக்கியவர் பயன்படுத்திய கோட்டையே பயன்படுத்துங்கள். முதல் படத்துக்கு ஒன்று, இரண்டாம் படத்துக்கு வேறொன்று என்று போட்டுவிட்டு "வளர்ச்சி" கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

எண்கள் முடிந்தபின் தாடையின் வடிவத்தைப் பாருங்கள். முக வளர்ச்சி ஆய்வாளர் ஆர்னே பியோர்க் குழந்தைகளின் தாடையில் சிறு உலோக ஊசிகளைப் பதித்து வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார். தாடை எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டும் ஏழு வடிவக் குறிகளை 1969-இல் பட்டியலிட்டார்: மூட்டுத்தலையின் சாய்வு, தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாயின் வளைவு, கீழ்விளிம்பின் வடிவம், முகவாய் எலும்பின் சாய்வு, மேல் கீழ் வெட்டுப்பற்களுக்கு இடைப்பட்ட கோணம், மேல் கீழ் கடைவாய்ப்பற்களுக்கு இடைப்பட்ட கோணம், கீழ்முகத்தின் உயரம்.

நடைமுறையில் எனக்கு அதிகம் கைகொடுப்பவை நரம்புக் குழாயும் கீழ்விளிம்பும். முன்னோக்கித் திரும்பும் தாடையில் குழாய் நன்றாக வளைந்திருக்கும், கீழ்விளிம்பு முன்பக்கம் உருண்டு தடித்திருக்கும். பின்னோக்கித் திரும்பும் தாடையில் குழாய் நேராக ஓடும், தாடைக் கோணத்துக்கு முன்னால் விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நடுத்தரமான குழந்தைகளில் இந்தக் குறிகள் தெளிவாகத் தெரியாது. தெரியாததை இழுத்துப்பிடித்துப் படிக்க வேண்டாம்.

6. இப்போது பல்லை அளக்கலாம்

மூன்று அளவுகள் போதும். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை.

முதலாவது, கீழ்த்தாடைத் தளத்தோடு பல்லின் அச்சு செய்யும் கோணம், ஐஎம்பிஏ. பல் சீரமைப்பு நிபுணர் சார்ல்ஸ் ட்வீட் வைத்த இலக்கு 90°. பல் தன் தாடைக்குள் எப்படி நிற்கிறது என்பதற்கான விடை இது.

இரண்டாவது, நேசியானையும் பி புள்ளியையும் சேர்க்கும் கோட்டுக்குப் பல் எவ்வளவு சாய்ந்து, எவ்வளவு முன்னே. இன்னொரு சீரமைப்பு நிபுணர் ஸ்டைனர் கொடுத்தது 25°, 4 மில்லிமீட்டர். முகத்தின் முன்பக்கத்தோடு பல்லின் உறவு.

மூன்றாவது, ஏ புள்ளியையும் போகோனியனையும் சேர்க்கும் கோட்டிலிருந்து கடிமுனை எவ்வளவு முன்னே. அதே துறையின் ரிக்கெட்ஸ் சொன்னது 1 மில்லிமீட்டர், இரு பக்கமும் 2 வரை. மேல்தாடைக்கும் முகவாய்க்கும் நடுவில் பல் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். எந்தத் தாடை நகர்ந்தாலும் இந்தக் கோடும் நகரும். ஆகவே பல் அசையாமலே எண் மாறலாம்.

இந்தச் சராசரிகள் ஐரோப்பிய வம்சாவளிக் குழுக்களை அடிப்படையாகக் கொண்டவை. ஆசிய, ஆப்பிரிக்க மக்கள் குழுக்கள் பலவற்றில் முன்பற்கள் இயல்பாகவே இன்னும் சற்று முன்சாய்ந்து, உதடு சற்றுப் பருத்து இருக்கும். அது நோய் இல்லை. அந்தக் குழுவுக்கான சராசரி கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் முகத்தைப் பார்த்து எடை போடுங்கள், எண்ணை வைத்து முகத்தைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

7. எண்ணைத் தாடையோடு சேர்த்துப் படிப்பது

ட்வீட்டின் முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எம்ஏ, ஐஎம்பிஏ, மூன்றாவதாகப் பல் ஃப்ராங்ஃபோர்ட் தளத்தோடு செய்யும் எஃப்எம்ஐஏ. மூன்றும் சேர்ந்து 180. இலக்கு 25, 90, 65.

இரண்டு குழந்தைகள். இருவருக்கும் ஐஎம்பிஏ 90. முதல் குழந்தைக்கு எஃப்எம்ஏ 33. அப்படியானால் எஃப்எம்ஐஏ 57. தாடை செங்குத்தாக இறங்குவதால், தாடைக்குள் நேராக நிற்கும் பல்லே முகத்தில் முன்னால் தள்ளித் தெரியும். அவருக்கு 65 வர வேண்டுமானால் ஐஎம்பிஏ 82 ஆக வேண்டும். இரண்டாம் குழந்தைக்கு எஃப்எம்ஏ 20, எஃப்எம்ஐஏ 70. அதே 90 இவர் முகத்தில் உள்ளே நிமிர்ந்து நிற்கிறது. ஒரே எண், எதிர் எதிர் அர்த்தம். ஐஎம்பிஏவை மட்டும் எழுதி வரும் தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்து, ஈடுகட்டல். கீழ்த்தாடை பின்தங்கிய குழந்தைகள் பலரிடம் கீழ்ப்பற்கள் முன்சாய்ந்திருக்கும், மேல்பல்லை எட்டிப்பிடிக்க. கீழ்த்தாடை முன்னே போன குழந்தைகளில் அதே பற்கள் உள்சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு குறையை மூடிமறைக்கிறது. பல்லை "நேராக்கினால்" மறைந்திருந்த தாடை வித்தியாசம் வெளியே வந்துவிடும். தாடையைத் திருத்தும் திட்டம் இருந்தால் அது வேண்டியதே. இல்லையென்றால், உடல் தானாகச் செய்துவைத்த வேலையைக் கெடுத்ததுதான் மிச்சம்.

எல்லாச் சாய்வும் ஈடுகட்டல் என்றும் நினைத்துவிடக் கூடாது. விரல் சூப்பும் குழந்தைக்கு மேல்பற்கள் முன்னாலும் கீழ்ப்பற்கள் உள்ளேயும் சாயும். கீழ் உதடு மேல்பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். தாடை பின்தங்கியிருந்தும் கீழ்ப்பல் முன்சாயாமல் உள்ளே இருந்தால், முதலில் கட்டைவிரலைப் பாருங்கள்.

8. இரண்டாவது படம்: எதன்மேல் எதை வைப்பது

வளர்ச்சியை ஒரே படம் காட்டாது. ஒரு வருடமாவது கழிந்து, மருத்துவக் காரணம் இருந்து எடுத்த இரண்டாவது படம் வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பதில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது.

முகம் முழுவதும் எப்படி வளர்ந்தது என்று பார்க்க, முன் மண்டை அடித்தளத்தின்மேல் வையுங்கள். செல்லாவின் முன்சுவர், அதற்கு முன்னால் ஓடும் மண்டை அடித்தளக் கோடுகள். 7 வயதுக்குப் பிறகு அந்தப் பகுதி ஏறக்குறைய நிலையானது. நேசியான் நிலையானது அல்ல, அது வளர்ந்து நகரும். அதைக் குறிப்பாகப் பொருத்த வேண்டாம்.

பல் தாடைக்குள் எப்படி நகர்ந்தது என்று பார்க்க, கீழ்த்தாடையைத் தனியே பொருத்த வேண்டும். இங்கே கை தானாகக் கீழ்விளிம்புக்குப் போகும், நீளமாக, தெளிவாக இருப்பதால். அதைச் செய்யாதீர்கள். தாடை முன்னோக்கித் திரும்பும்போது கோணத்தின் கீழே எலும்பு கரைகிறது, முகவாயின் கீழே எலும்பு படிகிறது. திரும்பியதன் பெரும்பகுதியை இந்த மறுவடிவம் அழித்துவிடுகிறது. 4 வயதிலிருந்து பெரியவராகும் வரை தாடையின் உட்பகுதி சராசரியாகச் சுமார் 15° முன்னோக்கித் திரும்புகிறது. மேற்பரப்பு மாற்றம் அதில் 11, 12 டிகிரியை மறைக்க, வெளியே தெரிவது 3, 4 டிகிரிதான். கீழ்விளிம்பைப் பொருத்துபவர் கரைந்துபோன எலும்பின்மேல் நம்பிக்கை வைக்கிறார்.

பொருத்த வேண்டியவை நான்கு: முகவாயின் முன் வளைவு, முகவாய் எலும்பின் கீழ்ப்பகுதியில் உட்சுவரின் உள்விளிம்பு, நரம்புக் குழாய், இன்னும் வேர் விடாத கடைவாய்ப்பல் முளையின் கீழ்விளிம்பு. கடைசியானது வேர் உருவாகத் தொடங்கும் வரைதான் செல்லும்; வேர் வந்ததும் முளை நகரத் தொடங்கிவிடும். நான்கும் கச்சிதமாக ஒன்றாது. முகவாய்ப் பகுதிக்கு முதல் இடம் கொடுங்கள், குழாயைக் கொண்டு சாய்வைச் சரிபாருங்கள்.

இதைப் பழக நான் கொடுக்கும் கணக்கு. 9 வயதில் எஃப்எம்ஏ 26, ஐஎம்பிஏ 94, எஃப்எம்ஐஏ 60. 12 வயதில் 25, 95, 60. மாணவர் "மாற்றம் இல்லை" என்று எழுதுவார். இப்போது தாடையின் உட்பகுதிக் குறிகளைப் பொருத்தினால், தாடை மண்டையோடு ஒப்பிட 5° முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. பல் தாடையோடு ஒட்டிக்கொண்டே போயிருந்தால் எஃப்எம்ஐஏ 65 ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, 60-லேயே நிற்கிறது. அதாவது பல் தாடைக்குள் 5° முன்னால் சாய்ந்திருக்கிறது. கீழ்விளிம்பின் மறுவடிவம் அதில் 4 டிகிரியை விழுங்கியதால் ஐஎம்பிஏ ஒன்றே ஒன்றுதான் கூடியது. மூன்று வருடம் முழுக்கத் தாடை திரும்பத் திரும்பப் பல் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறது. தாளில் எழுதியிருந்தது "மாற்றம் இல்லை".

தாடை பின்னோக்கித் திரும்பினால் இதே கதை மறுபக்கமாக. கடிமுனை முன்னே தள்ளப்படும். அதை உதடும் எதிர்ப்பல்லும் தடுக்க, பல் தாடைக்குள் நிமிரும். நீண்ட முகக் குழந்தைகளில் ஐஎம்பிஏ குறைவாக, முகவாய் எலும்பு உயர்ந்து மெலிந்து இருப்பதன் ஒரு காரணம் இது.

9. வளர்ச்சி எந்தக் கட்டத்தில் என்று குறியுங்கள்

பிறந்த தேதி மட்டும் போதாது. பருவ வேகம் பெண்களில் 12 வயதை ஒட்டியும் ஆண்களில் 14 வயதை ஒட்டியும் உச்சம் தொடும், ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வருடம் கூடக் குறைய இருக்கும். அதே செஃபலோகிராமிலேயே கழுத்தெலும்புகள் தெரியும். இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்புகளின் கீழ்விளிம்பு குழியத் தொடங்கி, நான்காவது இன்னும் தட்டையாக இருந்தால் உச்சம் நெருங்குகிறது. நான்காவதும் குழிந்துவிட்டால் உச்சத்தில் இருக்கிறது அல்லது இப்போதுதான் தாண்டியிருக்கிறது. உயரக் குறிப்போடு ஒத்துப்பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் நான் உயரத்தைத்தான் நம்புவேன். பெண்குழந்தைக்கு மாதவிடாய் தொடங்கிவிட்டதென்றால் உச்சம் பெரும்பாலும் கடந்துவிட்டது.

மேல்தாடை வளர்ச்சி அடங்கிய பிறகும் கீழ்த்தாடை கொஞ்சம் வளர்ந்துகொண்டிருக்கும். கீழ்ப்பற்கள் மேல்பற்களிலும் உதட்டிலும் முட்டி நிமிர, பதின்பருவக் கடைசியில் நெரிசல் வரும். ஞானப்பல்மேல் பழிபோடும் நெரிசலில் பெரும்பங்கு இதுவே. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் இது வருகிறது.

10. திட்டம் போடுமுன்: இடம், எலும்பு, ஈறு

நெரிசலைப் பார்த்ததும் "பல்லை முன்னே சாய்த்தால் இடம் கிடைக்கும்" என்று தோன்றும். முதலில் இலவசமாகக் கிடைக்கும் இடத்தைக் கணக்கிடுங்கள். கீழ்ப் பால் கோரைப்பல், இரண்டு பால் கடைவாய்ப்பற்கள் மூன்றும் சேர்ந்த அகலம், அவற்றுக்குப் பதிலாக வரும் நிரந்தரப் பற்களைவிட ஒரு பக்கத்துக்குச் சராசரி 1.7 மில்லிமீட்டர் அதிகம். மேலே இது 0.9 தான். பால் கடைவாய்ப்பல் விழும் நேரத்தில் நாக்குப்பக்கக் கம்பி ஒன்று வைத்து முதல் கடைவாய்ப்பல்லைப் பிடித்துக்கொண்டால், இருபுறமும் சேர்ந்து 3 மில்லிமீட்டருக்குமேல் மிஞ்சும். வைக்காவிட்டால் கடைவாய்ப்பல் முன்னே நழுவி அந்த இடத்தைச் சாப்பிட்டுவிடும். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால்தான் திட்டத்துக்கு முன்பே பார்க்கச் சொல்கிறேன்.

முன்னே சாய்ப்பது என்று முடிவெடுத்தால், முகவாய் எலும்பின் தடிமனைப் படத்தில் பாருங்கள், ஈற்றின் தடிமனை வாயில் பாருங்கள். மெல்லிய எலும்பு, மெல்லிய ஈறு இரண்டும் சேர்ந்த குழந்தைக்குப் பல்லை வெளியே தள்ளினால் ஈறு இறங்கும். தாடையை முன்னே கொண்டுவரக் கொடுக்கும் கழற்றி மாட்டும் சாதனங்கள் பலவும், கேட்காமலே கீழ்ப்பற்களை முன்சாய்த்துவிடும். ஐஎம்பிஏ ஏற்கெனவே 100-ஐத் தாண்டிய குழந்தைக்கு அதைக் கொடுக்கும்முன் இந்தப் பக்கவிளைவுக்கு எலும்பில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோரைப்பற்களுக்கு இடையிலான அகலம், அவை முளைத்தபிறகு தானாக அதிகரிக்காது. அங்கே விரித்துச் சம்பாதித்த இடம் பெரும்பாலும் திரும்பிப்போகும்.

11. மறுபடி வரையுங்கள், பிறகு எழுதுங்கள்

ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், அதே படத்தை மறுபடி வரையுங்கள். இரண்டு ஐஎம்பிஏவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கை. தொடக்கத்தில் 4, 5 டிகிரி வரும்; வெட்கப்பட ஒன்றுமில்லை, வேர்நுனி எல்லாருக்கும் அப்படித்தான். உங்கள் கையின் பிழையைவிடச் சிறிய மாற்றத்தை வளர்ச்சி என்றோ சிகிச்சைப் பலன் என்றோ எழுத வேண்டாம்.

குறிப்பில் இந்த வரிசையில் எழுதுங்கள்: கடியில் நழுவல் உண்டா, முன்பின் உறவு, செங்குத்துப் போக்கு, வளர்ச்சிக் கட்டம், அப்புறம் பல்லின் சாய்வு, எந்தக் கோட்டுக்கு என்ற குறிப்போடு, சாய்வு ஈடுகட்டலா, பழக்கத்தால் வந்ததா, எலும்பும் ஈறும். எந்தக் கீழ்த்தாடைத் தளத்தைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஒரு ஓரத்தில் கட்டாயம் குறியுங்கள். மூன்று வருடம் கழித்து அடுத்த படத்தை அளக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.